ஹிக்ஸ், ஜில்லெட் காலம்: அன்று நாம் ஏன் கைதட்டினோம்?

ஆன்ஃபீல்ட் பித்தன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தபோது 2007 பிப்ரவரியில் சேமித்து வைத்த படம் ஒன்று கிடைத்தது. அந்த மாதம் நம் லிவர்பூல் கால்பந்து கிளப்பை வாங்கிய அமெரிக்கர்கள் டாம் ஹிக்ஸும் ஜார்ஜ் ஜில்லெட்டும் நம் மைதானமான ஆன்ஃபீல்டில் லிவர்பூல் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்தப் படம் பல மாதம் என் கணினித் திரையில் முகப்பாக இருந்தது. நேற்று அதைப் பார்த்ததும் வயிற்றில் என்னவோ செய்தது.

அவர்களைத் திட்டி நாம் எழுதியது ஏராளம். இப்போது நான் கேட்க நினைப்பது வேறு. அவர்கள் வந்த அன்று நாம் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டோம்? எந்த இடத்தில் நமக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்?

என் பக்கத்தைச் சொல்கிறேன். 2003-இல் அப்ரமோவிச் செல்சியை வாங்கினார். 2006-இல் ஆர்சனல் 60,000 பேர் உட்காரும் எமிரேட்ஸுக்குப் போய்விட்டது. நாம் 45,000 இருக்கைகளோடு பழைய ஆன்ஃபீல்டில் நின்றோம். 1991 முதல் தலைவராக இருந்த டேவிட் மூர்ஸ் நல்ல மனிதர், உள்ளூர்க் குடும்பம், ஆனால் இந்தப் போட்டியில் ஈடுகொடுக்கும் அளவுக்குப் பணம் இல்லை என்று அவரே சொன்னார். யாராவது வந்து காப்பாற்றமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்த நேரம். வந்தவர்கள் ஸ்டான்லி பார்க்கில் புதிய மைதானத்துக்கு 60 நாளில் மண்வெட்டி மண்ணில் இறங்கும் என்றார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டில் கிளேசர் குடும்பம் செய்தது போல இது இல்லை, கிளப்பின் தலையில் கடன் ஏறாது என்றார்கள். மேனேஜர் ரஃபா பெனிட்டெஸ் 'ஸ்னூகி டூகி' என்று வாய்க்கு வந்த பெயரில் ஒரு ஆட்டக்காரர் வேண்டும் என்று கேட்டால்கூடப் பின்னால் நிற்போம் என்றார் ஜில்லெட். எவ்வளவு தாராளமான மனிதர் என்றுதான் எனக்கு அன்று தோன்றியது.

உங்களுக்கு எப்போது விழித்தது?

பேரேடு

அண்ணா, நான் கணக்குத் துறையில் இருப்பவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

கிளப்பின் பங்குகளுக்கு அவர்கள் வைத்த மதிப்பு சுமார் 17.4 கோடி பவுண்டு. கிளப்பில் ஏற்கனவே இருந்த கடனையும் ஏற்றுக்கொண்டார்கள். இதற்கான பணம் எங்கிருந்து வந்தது? ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, அதாவது ஆர்பிஎஸ். கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். அதுவே குற்றம் என்று சொல்லமாட்டேன், உலகத்தில் பாதி வியாபாரம் அப்படித்தான் கைமாறுகிறது. அந்தக் கடனுக்கு வட்டியை யார் கட்டுவது என்பதுதான் கேள்வி.

ஒருவர் வங்கிக் கடனில் ஒரு வீட்டை வாங்குகிறார். குடியிருப்பவரிடம், "இனி தவணை உன் பொறுப்பு, கூரை ஒழுகினால் அதையும் நீயே பார்த்துக்கொள், விற்கும்போது வரும் லாபம் மட்டும் எனக்கு" என்கிறார். இங்கே குடியிருந்தவர்கள் நாம். டிக்கெட் பணம், டிவி பணம், சட்டை விற்ற பணம், எல்லாம் வட்டிக்கு வழிந்தது.

2008 ஜனவரியில் ஆர்பிஎஸ்ஸும் அமெரிக்காவின் வாக்கோவியாவும் சேர்ந்து 35 கோடி பவுண்டு மறுகடன் கொடுத்தன. கடன் ஏறாது என்று சொல்லி ஒரு வருடம்கூட முடியவில்லை. அதே 2008-இன் பிற்பகுதியில் உலகம் முழுக்க வங்கிகள் ஆட்டம் கண்டன, வாக்கோவியாவே விழுந்தது. அதன்பின் ஒவ்வொரு முறை கடனைப் புதுப்பிக்கப் போகும்போதும் வங்கியின் பிடி இறுகிக்கொண்டே போனது. 2009 ஜூலையோடு முடிந்த ஆண்டில் கிளப்பின் தாய் நிறுவனம் காட்டிய நஷ்டம் 5.49 கோடி பவுண்டு. வட்டி மட்டும் சுமார் 4 கோடி. நம் நட்சத்திர ஆட்டக்காரர் டோரஸைப் போல இரண்டு பேரை வாங்கும் பணம் அது, ஒரே வருடத்தில் போனது.

எனக்கு விழித்தது அந்த அறிக்கையைப் படித்தபோதுதான். அதுவரை நானும் மேனேஜரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தொழிலே கணக்காக இருந்தும் என் சொந்த கிளப்பின் கணக்கை எடுத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை, அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

செவ்வானம்

எனக்கு 2008 ஜனவரி. ரஃபா இருக்கும்போதே அவர் இடத்துக்காக யூர்கன் கிளின்ஸ்மானைச் சந்தித்துப் பேசினோம் என்று ஹிக்ஸே வாயால் ஒப்புக்கொண்டார். சில மாதத்துக்கு முன்புதான் அணியை ஏதென்ஸில் ஐரோப்பிய இறுதிப் போட்டிவரை கொண்டுபோன மனிதர் ரஃபா. பணத்தை விடுங்கள், ஒரு மனிதரை இப்படி நடத்துபவர்களிடம் கிளப் எப்படிப் பத்திரமாக இருக்கும்? அன்றோடு நான் விட்டேன்.

மெர்சி கரை

அந்த இரண்டு வருடம் நான் லிவர்பூலில் படித்துக்கொண்டிருந்தேன். பகுதிநேர வேலையில் என்னோடு இருந்த ஒருவரின் அப்பாவுக்கு ஆன்ஃபீல்டின் கோப் என்ற பார்வையாளர் மேடையில் சீசன் டிக்கெட் இரண்டு இருந்தன. மகன் வராத நாட்களில் என்னைக் கூட்டிப்போவார். அறுபத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார்.

2010 செப்டம்பர் 25, சண்டர்லாந்துடன் ஆட்டம். மூன்று நாளைக்கு முன்புதான் கடைசி டிவிஷனில் இருந்த நார்தாம்ப்டன் நம்மை ஆன்ஃபீல்டிலேயே பெனால்டியில் வெளியேற்றியிருந்தது. சண்டர்லாந்து ஆட்டம் 2-2. விசில் ஊதியதும் நான் எழுந்து கோட்டைப் போட்டேன். அவர் எழவில்லை. சுற்றிப் பார்த்தால் எங்கள் வரிசையில் பெரும்பாலோர் எழவில்லை. உள்ளிருப்புப் போராட்டம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்ப உட்கார்ந்தேன்.

ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள். மற்ற மேடைகள் காலியாகி, சிவப்பு இருக்கைகள் மட்டும் தெரிந்தன. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. புல்லைச் சரிசெய்கிறவர்கள் வந்து கவைக்கோலால் குத்திக் குத்திப் புல்லைத் தூக்கிவிட ஆரம்பித்தார்கள். கோப் பாடிக்கொண்டிருந்தது. எதிரணி இல்லை, பந்து இல்லை, காலி மைதானத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கான பேர் பாடினார்கள். காவலாளிகள் படிக்கட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், யாரையும் விரட்டவில்லை. அவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தானே.

அவர் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து மூடியில் தேநீர் ஊற்றி என்னிடம் கொடுத்தார். கடன் விவகாரம் தெரிந்த நாளிலிருந்து மைதானத்துக்குள் ஒரு தேநீர்கூட வாங்குவதில்லை, நான் கொடுக்கும் காசு வட்டிக்குப் போகக்கூடாது என்றார். ஆனால் சீசன் டிக்கெட்டை மட்டும் அவரால் விடமுடியவில்லை. அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அப்பா காலத்திலிருந்து வரும் இடம் அது. விட்டால் திரும்பக் கிடைக்காது.

நமக்குக் கோபம்தான் இருந்தது. அவருக்கு அது வீட்டுக்குள் வந்த கஷ்டம். இந்த இழையைப் பார்த்ததும் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

டோரஸ் ஒன்பது

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. எல்லோரும் ஒரே பக்கம் பேசினால் வரலாறு கோணலாகிவிடும்.

டோரஸ் வந்தது இவர்கள் காலத்தில். மஷரானோவை நிரந்தரமாக வாங்கியது இவர்கள் காலத்தில். 2008-09 சீசனில் இரண்டே தோல்வி, 86 புள்ளி, இரண்டாம் இடம். அந்த மார்ச்சில் ரியல் மாட்ரிட்டை 4-0, அதே வாரம் ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட்டை 4-1. என் வாழ்நாளில் நான் பார்த்த மிக அழகான லிவர்பூல் அது, பின்னால் வந்த மேனேஜர் கிளாப்பின் காலத்தையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த வருடம் லீக்கை ஜெயித்திருந்தால் இன்று ஹிக்ஸைப் பற்றி இப்படி ஒரு இழை வந்திருக்குமா? ராபி கீனுக்குக் கொட்டிய பணமும் ரஃபாவுடைய அணியில்தானே போனது? ஆறே மாதத்தில் அவரை டாட்டனத்துக்கே திருப்பி விற்றோம். எல்லாப் பழியையும் உரிமையாளர் தலையில் போட்டால் நம் சொந்தத் தவறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

ஆன்ஃபீல்ட் பித்தன்

தம்பி, நீ சொன்ன அந்த மார்ச் வாரம் எனக்கும் மறக்காது. கேட்ட கேள்வியும் நியாயமானது, அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். ஜெயித்திருந்தால் இந்த இழை வந்திருக்காது. நானே அவர்கள் படத்தைத் திரும்ப முகப்பாக வைத்திருப்பேன். என்னை உறுத்துவதும் அதுதான்.

ஆனால் அந்த அணிக்கு என்ன ஆனது என்பதையும் பார். 2009 ஆகஸ்டில் அலோன்சோ 3 கோடி பவுண்டுக்கு மாட்ரிட் போனார். இரண்டாம் இடத்திலிருந்து ஒரே சீசனில் ஏழாம் இடம். அடுத்த கோடையில் ரஃபா போனார், மஷரானோ பார்சிலோனா போனார். ஒரு நல்ல அணியின் மேல் இன்னும் இரண்டு செங்கல் வைக்கவேண்டிய நேரத்தில் அடியிலிருந்து செங்கல் உருவினார்கள். கீன் விஷயத்தில் நீ சொல்வது சரி, அது கிளப்புக்குள் நடந்த தவறு. அந்த ஒரு தவறைத் தாங்குகிற தெம்புகூட நம்மிடம் இல்லாமல் போனது கடனால்.

மேக்பை

நியூகாசில் ரசிகன் ஒருவன் உள்ளே வரலாமா? உங்கள் கதையைப் படிக்கும்போது எங்கள் கதை பக்கத்திலேயே ஓடுகிறது.

மைக் ஆஷ்லியும் அதே 2007-இல்தான் வந்தார். அவரும் முதலில் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு ரசிகர்களோடு நின்றார், நாங்களும் நம் ஆள் என்று கொண்டாடினோம். ஆனால் பேரேடு சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் ஆஷ்லி நல்லவர்! பழைய வங்கிக் கடனை அடைத்தார், தான் கொடுத்த 10 கோடிக்கு மேற்பட்ட பவுண்டுக்கு வட்டியும் வாங்கவில்லை. அப்படியும் 14 வருடம் எங்களுக்கு மூச்சு முட்டியது. இரண்டு முறை கீழ் டிவிஷனுக்குப் போனோம், 2009-இலும் 2016-இலும். அவருடைய கடையின் விளம்பரம் மைதானத்தில் எங்கு திரும்பினாலும் இருந்தது. 2011-இல் செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்ற பெயரையே எடுத்துவிட்டு ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அரீனா என்று வைத்தார்கள். மறுவருடம் வேறொரு விளம்பரதாரர் வந்துதான் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார், அதுவும் ஒரு கடன் கம்பெனி.

அதனால் கடன் மட்டுமே அளவுகோல் இல்லை என்பேன். உங்களிடமிருந்து பணத்தை எடுத்தார்கள். எங்களிடமிருந்து ஆசையை எடுத்தார்கள். இந்த வருடம் கப் ஆட்டத்தில் முழு அணியை இறக்குவார்களா என்றுகூட எதிர்பார்க்காத ரசிகனாக நான் மாறிப்போனேன்.

2021 அக்டோபர் 7 அன்று 30.5 கோடிக்குக் கைமாறியபோது நானும் அழுதேன். வாங்கியதில் 80 சதவீதம் சவுதி அரேபியாவின் அரசு நிதி. ஒரு நாட்டின் மனித உரிமைக் கேள்விகள் என் கிளப்போடு ஒட்டிக்கொண்டு வந்ததை அன்று நான் யோசிக்கவே இல்லை. ஆஷ்லி போனால் போதும் என்று இருந்தது. பித்தன் அண்ணா 2007-ஐப் பற்றிக் கேட்ட கேள்வியை நான் 2021-ஐப் பற்றி என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செவ்வானம்

மேக்பை, இதை இவ்வளவு திறந்த மனதோடு எழுதியதற்கு நன்றி.

யாரும் இன்னும் பேசாத ஒருவர் இருக்கிறார், டேவிட் மூர்ஸ். முதலில் கிளப்பை வாங்க வந்த துபாய் நிறுவனம் ஒரு பங்குக்கு 4,500 பவுண்டு தருவதாக இருந்தது. ஜில்லெட்டும் ஹிக்ஸும் 5,000 என்றதும் அந்தப் பேச்சு முறிந்தது. மூர்ஸுக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட 9 கோடி. வாங்குபவரின் பணம் சொந்தப் பணமா கடன் பணமா என்று கடைசிவரை துருவியிருக்க வேண்டிய இடத்தில் இருந்தவர் அவர். 2010 மே மாதம் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, விற்றதற்காக மிகவும் வருந்துவதாகவும் அவர்கள் விலகவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். என் அப்பா வயதுள்ள ஒருவர் ஊரறிய அப்படி எழுதியதைப் படித்தபோது கோபம் தணிந்தது. 2022-இல் அவர் இறந்த அன்று, அவரை முழுதாக மன்னித்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

ஹிக்ஸை அப்படி மன்னிக்க முடியவில்லை. 2010 ஜனவரியில் அவர் மகன், கேள்வி கேட்டு மின்னஞ்சல் அனுப்பிய ரசிகர் ஒருவருக்குக் கெட்ட வார்த்தையில் பதில் அனுப்பி, இயக்குநர் பதவியை விட்டே போகவேண்டியதாயிற்று. நம்மைப் பற்றி அவர்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மூர்ஸ் தவறு செய்தார், ஆனால் அந்தக் கிளப்பை நேசித்தார்.

பேரேடு

நீதிமன்றக் கட்டத்தையும் எழுதி வைக்கிறேன், இளையவர்கள் பலருக்குத் தெரியாது.

2010 ஏப்ரலில் கிளப்பை விற்பதற்கென்றே மார்ட்டின் பிராட்டனைத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். இயக்குநர் குழுவில் ஐந்து பேர்: பிராட்டன், கிளப் நிர்வாகிகள் கிறிஸ்டியன் பர்ஸ்லோ, இயன் ஏர், அப்புறம் உரிமையாளர்கள் இரண்டு பேர். ஆர்பிஎஸ் கடனை நீட்டித்தபோது ஒரு நிபந்தனை போட்டது: குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பது பிராட்டனின் அதிகாரம். அந்த ஒரு வரிதான் நம்மைக் காப்பாற்றியது. அக்டோபர் 5-ஆம் தேதி 30 கோடி பவுண்டுக்கு நியூ இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் வென்ச்சர்ஸுக்கு (இன்றைய ஃபென்வே) விற்க மூவரும் தயாரானதும், உரிமையாளர்கள் பர்ஸ்லோவையும் ஏரையும் தூக்கிவிட்டு ஹிக்ஸின் இன்னொரு மகனையும் தங்கள் நிறுவன ஊழியர் ஒருவரையும் வைக்கப் பார்த்தார்கள். 13-ஆம் தேதி லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஃபிளாய்ட் அது செல்லாது என்றார். அன்று இரவே அவர்கள் டல்லஸ் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். கடனைத் திருப்ப வேண்டிய கெடு 15-ஆம் தேதி. தவறினால் தாய் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போய், போர்ட்ஸ்மத்துக்கு அதே வருடம் நடந்தது போல 9 புள்ளி பறிபோகலாம் என்ற பயம். அன்று அட்டவணையில் நாம் கீழ்த் தட்டில்! 15-ஆம் தேதி டல்லஸ் தடை விலகியது, விற்பனை முடிந்தது. முதலீட்டை எல்லாம் இழந்த ஹிக்ஸ் அதை மாபெரும் மோசடி என்றார்.

இதை நாம் ஜெயித்த கதையாகச் சொல்கிறோம். பாதி உண்மைதான். ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி என்ற ரசிகர் அமைப்பும் மற்றவர்களும் இரண்டரை வருடம் கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள், இவர்களுக்குக் கடன் கொடுக்கப்போகும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மின்னஞ்சலைக் கொட்டினார்கள். அதனால் மறுகடன் கிடைப்பது கஷ்டமானது. ஆனால் கடைசிக் கதவை மூடியது ஒரு வங்கியின் ஒப்பந்த நிபந்தனை. அது இல்லாத கிளப்களின் கதி வேறு.

மெர்சி கரை

பேரேடு சொன்ன கடைசி வரிக்கு நான் கண்ணால் பார்த்த சாட்சி உண்டு. அக்டோபர் 3, பிளாக்பூல் ஆன்ஃபீல்டுக்கு வந்து 2-1 என்று நம்மை அடித்தது. அந்த மூலையில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் போட்ட ஆட்டம் இருக்கிறதே! நாம் உரிமையாளரைத் திட்டிக்கொண்டு நிற்கிறோம், இவர்களுக்கு எவ்வளவு நிம்மதியான கிளப் கிடைத்திருக்கிறது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

பின்னால்தான் தெரிந்தது. அவர்கள் பிரீமியர் லீகில் இருந்த அந்த ஒரே சீசனில் கிளப்பிலிருந்து 1.1 கோடி பவுண்டு அதன் உரிமையாளர் ஓவன் ஆய்ஸ்டனின் நிறுவனத்துக்குப் போனது. அந்த சீசன் முடிவிலேயே கீழே இறங்கினார்கள், பிறகு நான்காம் டிவிஷன்வரை விழுந்தார்கள். எதிர்த்து எழுதிய ரசிகர்கள் மீது உரிமையாளர்களே அவதூறு வழக்குப் போட்டார்கள். ஒரு பைசாகூடக் கொடுக்கமாட்டோம் என்று ரசிகர்கள் சொந்த மைதானத்தையே பல வருடம் புறக்கணித்தார்கள். 2017-இல் கிளப்பின் பணம் முறையில்லாமல் உருவப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொன்னது, 2019 பிப்ரவரியில் கிளப் நீதிமன்றம் நியமித்த ரிசீவர் கைக்குப் போனது. மார்ச் 9, சவுத்எண்டுடன் ஆட்டம், அன்றுதான் எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

நமக்கு மூன்றரை வருடம். அவர்கள் சொந்த வீட்டு வாசலில் நின்று உள்ளே போகாமல் இருந்தார்கள். அந்தப் பெரியவரால் முடியாத ஒன்றை ஒரு ஊரே செய்தது. இரண்டு பேர் மேலும் எனக்கு மரியாதைதான்.

டோரஸ் ஒன்பது

மேலே நான் எழுதியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த மார்ச் வாரத்தை மட்டும் விடமாட்டேன்.

இன்னொன்று கேட்கவேண்டும். இப்போதைய ஃபென்வே மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கை மட்டும் சரியா? மெயின் ஸ்டாண்ட் கட்டினார்கள், ஆன்ஃபீல்ட் ரோடு ஸ்டாண்ட் கட்டினார்கள், 2019-இல் ஐரோப்பியக் கோப்பை, 2020-இலும் 2025-இலும் லீக். எல்லாம் சரி. ஆனால் 77 பவுண்டு டிக்கெட் கொண்டுவந்ததும் இவர்கள்தான், 2021-இல் பெரிய கிளப்கள் தனியாகத் தொடங்கப் பார்த்த சூப்பர் லீகில் கையெழுத்துப் போட்டதும் இவர்கள்தான்.

ஆன்ஃபீல்ட் பித்தன்

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் இழையே தொடங்கினேன் போலிருக்கிறது.

2016 பிப்ரவரியில் அந்த 77 பவுண்டுக்கு என்ன நடந்தது? சண்டர்லாந்துடன் ஆட்டம். 2-0 என்று முன்னிலையில் இருந்தோம். 77-வது நிமிடம் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே போனார்கள். ஆட்டம் 2-2 ஆனது. சில நாளிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலை உயர்வைக் கைவிட்டார்கள். சூப்பர் லீக் இரண்டு நாளில் சரிந்தது, ஃபென்வே உரிமையாளர் ஜான் ஹென்றி வீடியோவில் வந்து மன்னிப்புக் கேட்டார். ஹிக்ஸ் காலத்தில் சாண்டன் விடுதியில் கூடி ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லியைத் தொடங்கியவர்கள் இல்லையென்றால், முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தை விட்டு எழுந்துபோகும் அந்தத் தைரியம் ஒரே நாளில் வந்திருக்காது. அணி நன்றாக ஆடும்போதும் கேள்வி கேட்கலாம் என்று அப்போதுதான் நான் கற்றுக்கொண்டேன்.

அந்தப் படத்தை அழிக்கலாம் என்றுதான் நேற்று நினைத்தேன். அழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

மெர்சி கரை

ஒன்றே ஒன்று, முடித்துவிடுகிறேன். விற்பனை முடிந்த இரண்டாம் நாள், அக்டோபர் 17, கூடிசன் பார்க்கில் எவர்ட்டனுடன் ஆட்டம். டிக்கெட் கிடைக்கவில்லை, அந்தப் பெரியவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். புது உரிமையாளர் ஜான் ஹென்றி மேடையில் இருந்தார். கேஹில் ஒன்று, ஆர்ட்டேட்டா ஒன்று. 2-0 தோல்வி, அட்டவணையில் பத்தொன்பதாம் இடம்.

ஆட்டம் முடிந்ததும் அவர் டிவியை அணைத்தார். ஆன்ஃபீல்டில் அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று கேட்டார். சொன்னேன். "அன்றைக்கு உள்ளே தேநீர் வாங்குவோம், காசு நான் கொடுக்கிறேன்" என்றார்.